இரவல் மெட்டு, சொந்தக் குரல்!
சந்திரபாபுவின் வாழ்க்கைக் கதை

கோலார் தங்கவயலில் பாட்டுக் கச்சேரி நடக்காத திருவிழா கிடையாது. மாரிகுப்பமானாலும் சரி, உரிகமானாலும் சரி, மேடையில் ஒரு மெல்லிசைக் குழு ஏறிவிட்டால் கூட்டம் கலைய நடுநிசி ஆகிவிடும். கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் இரண்டு பேருக்குள் ஒரு வழக்கும் நடக்கும். இந்த மெட்டு இந்திப் பாட்டிலிருந்து எடுத்தது என்பார் ஒருவர். இல்லை, அந்த இந்திப் பாட்டே ஆங்கில இசைத்தட்டிலிருந்து வந்தது என்பார் மற்றவர்.

இரவல் வாங்கிய பாட்டுக்குப் பெருமை உண்டா? இந்தக் கேள்விக்குத் தன் வாழ்க்கையாலேயே பதில் சொல்லிவிட்டுப் போன கலைஞர் ஒருவர் உண்டு. மேல்நாட்டுப் பாட்டின் குலுக்கலையும், துள்ளலையும், குரல் உடைக்கும் வித்தையையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஆனால் அவர் பாடியதை அன்னியப் பாட்டு என்று எந்தத் தமிழனும் தள்ளி வைக்கவில்லை. அவர்தான் ஜே.பி.சந்திரபாபு.

தூத்துக்குடிப் பிள்ளை

சந்திரபாபு 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தூத்துக்குடியில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் பனிமயதாஸ் ரோட்ரிக்ஸ். ஊரின் காவல் தெய்வமாக மீனவ மக்கள் வணங்கும் பனிமய மாதாவின் பெயர் அதில் இருக்கிறது. நானூறு ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்த போர்ச்சுகீசியரின் பெயரும் அதில் இருக்கிறது. ஆக, பிறந்த குழந்தையின் பெயரிலேயே இரண்டு தேசங்கள் கலந்திருந்தன.

முத்துக்குளித் துறை மக்களுக்கு அந்நிய இசை புதிதல்ல. அவர்களுடைய கோயில்களில் லத்தீன் மொழிப் பாட்டும் ஒலித்தது. வீட்டில் தமிழ்த் தாலாட்டும், கடலில் அம்பாப் பாட்டும் ஒலித்தன. ஒரே காது எல்லாவற்றையும் கேட்டு வளர்ந்தது.

தந்தை விடுதலைப் போராட்ட வீரர், பத்திரிகையாளர். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்ததற்காகச் சிறை சென்றார். பிறகு குடும்பத்தோடு இலங்கைக்குப் போக நேர்ந்தது.

கொழும்பு கொடுத்த காது

சந்திரபாபுவின் பள்ளிப் படிப்பு கொழும்பில் நடந்தது. அந்த நாளையக் கொழும்பு ஒரு பெரிய துறைமுகச் சந்தை. கப்பலில் சரக்கு வந்து இறங்கியதுபோல் இசையும் வந்து இறங்கியது. ஆங்கில நடன இசை ஒரு பக்கம். போர்ச்சுகீசியர் காலத்திலிருந்து வந்த பைலா என்ற ஆட்டப் பாட்டு இன்னொரு பக்கம். சிங்களப் பாட்டு, தமிழ்ப் பாட்டு, இந்திப் படப் பாட்டு எல்லாம் ஒரே தெருவில் கேட்டன.

பையனுக்கு ஆங்கிலம் நாக்கில் உட்கார்ந்தது. மேல்நாட்டு நடனம் காலில் உட்கார்ந்தது. பாட்டுக் குருவிடம் முறையாகப் பல வருடம் பயின்றவர் அல்ல அவர். கேட்டதைக் காதில் வாங்கி, வாயில் போட்டு, உடம்பால் ஆடிப் பார்த்தே கற்றுக்கொண்டார்.

இரண்டாவது உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1943இல், குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. சினிமாவில் சேர வேண்டும் என்ற ஒரே ஆசை இளைஞரின் மனதில் இருந்தது. தம் குலத்தின் பெயரிலிருந்து சந்திரன் என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, சந்திரபாபு என்று புதுப் பெயர் வைத்துக்கொண்டார்.

பட்டினியும் முயற்சியும்

முதல் வாய்ப்பு 1947இல் வெளிவந்த 'தன அமராவதி' படத்தில் கிடைத்தது. சின்ன வேடம். அதற்குப் பிறகு ஸ்டூடியோ வாசல்களில் காத்துக் கிடந்த வருடங்கள் பல. தெரிந்தவர் வீட்டில் ஒரு வேளை சாப்பாடு, மறுவேளை பட்டினி என்று நாட்கள் ஓடின.

1952இல் வாய்ப்புக் கிடைக்காத விரக்தியில் அவர் தம் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்றார். உரிய நேரத்தில் காப்பாற்றப்பட்டார். அந்தக் காலச் சட்டப்படி அது குற்றம். கோர்ட்டில் நிறுத்தப்பட்ட சந்திரபாபு, நீதிபதியின் முன்பாக ஷேக்ஸ்பியர் நாடக வசனத்தை நடித்துக் காட்டினார் என்றும், மன்னிப்புப் பெற்று வெளியே வந்தார் என்றும் திரையுலகில் சொல்வார்கள். சாவின் வாசலைத் தொட்டுவிட்டு வந்தவர்தான் அடுத்த பத்தாண்டுகள் தமிழ்நாட்டையே சிரிக்க வைத்தார்.

ரயில் தொழிலாளி கண்ட வித்தை

சந்திரபாபுவின் தனி முத்திரை 'யோடலிங்' என்னும் பாட்டு முறை. நெஞ்சிலிருந்து வரும் இயல்பான குரல் திடீரென்று உடைந்து, மேலே கள்ளக் குரலுக்குத் தாவும். அடுத்த நொடியே கீழே இறங்கும். இப்படி மாறி மாறித் தாவுவதே இதன் அழகு. ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்ப்பவர்கள், ஒரு மலையிலிருந்து மறு மலைக்குக் குரல் கொடுக்கப் பயன்படுத்திய முறை இது.

இதை உலகப் புகழ் பெற வைத்தவர் ஜிம்மி ரோட்ஜர்ஸ் என்ற அமெரிக்கர். அவர் ஒரு ரயில்வே தொழிலாளி. ரயில் பெட்டிகளில் பிரேக் போடும் வேலை. இருப்புப் பாதை போட்ட கறுப்பின மக்களின் சோகப் பாட்டைக் கேட்டுக் கேட்டு, அதோடு மலைநாட்டு யோடலிங்கை இணைத்துப் பாடினார். காச நோய் வந்ததால் ரயில் வேலை போயிற்று, பாட்டே தொழிலாயிற்று. அவருடைய குரல் முதன்முதலில் இசைத்தட்டுக்காகப் பதிவானது 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். தூத்துக்குடியில் சந்திரபாபு பிறந்த அதே மாதம்! ஒருவர் ரோட்ஜர்ஸ், மற்றவர் ரோட்ரிக்ஸ். விதி விளையாடும் விளையாட்டு இது.

ரோட்ஜர்ஸ் 1933இல் தமது 35ஆவது வயதில் இறந்தார். ஆனால் அவருடைய இசைத்தட்டுகள் உலகத்தைச் சுற்றின. ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டுக் கிராமம் ஒன்றில் அந்தத் தட்டுகளைக் கேட்ட பெண்கள், அவர் பெயரைத் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி 'செமிரோச்சா' என்று திருப்பி, ஒரு பாட்டே கட்டிவிட்டார்கள். 1950இல் அது பதிவும் செய்யப்பட்டது. வடக்கே கிஷோர்குமார் இதே போன்ற இசைத்தட்டுகளைக் கேட்டு யோடலிங் பழகினார். தெற்கே அதைத் தமிழ்ப் பாட்டில் பதித்துப் புகழ் பெற்றவர் சந்திரபாபு.

தமிழுக்கு வந்த துள்ளல்

1954இல் ஏவி.எம். நிறுவனத்தின் 'பெண்' படத்தில் வீணை எஸ்.பாலசந்தருக்காகச் சந்திரபாபு பின்னணி பாடினார். கல்யாணத்தைப் பற்றிய அந்தப் பாட்டு, தமிழ்ப் படத்தில் இப்படியும் பாடலாமா என்று கேட்டவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

பிறகு 1957 வந்தது. ஜி.ராமநாதன் இசையில் 'மணமகன் தேவை' படத்துக்காகப் பாடிய 'பம்பரக் கண்ணாலே', பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதி விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையமைத்த 'உனக்காக எல்லாம் உனக்காக' என்ற 'புதையல்' படப் பாட்டு, இரண்டும் பட்டி தொட்டியெல்லாம் ஒலித்தன. 1959இல் 'மரகதம்' படத்தில் ஜமுனாராணியோடு சேர்ந்து பாடிய 'குங்குமப் பூவே' வந்தது. அதற்கு இசை எஸ்.எம்.சுப்பையா நாயுடு.

இந்த இசையமைப்பாளர்களைக் கவனிக்க வேண்டும். ஜி.ராமநாதன் கர்நாடக ராகங்களில் ஊறியவர். சுப்பையா நாயுடு பழைய நாடக மரபு அறிந்தவர். ஆனால் சந்திரபாபு மைக் முன்னால் நின்றால், அவர்களும் மேல்நாட்டு நடையில் ஒரு கை பார்த்துவிடுவார்கள். சென்னை ஸ்டூடியோக்களில் டிரம்ஸ், கிதார், டிரம்பெட் வாசித்த ஆங்கிலோ இந்தியக் கலைஞர்கள் அதற்குத் துணை நின்றார்கள். தாளம் மேல்நாட்டுத் தாளம். வார்த்தையோ பட்டுக்கோட்டையின் நாட்டுப்புறத் தமிழ். பாடுபவரின் நையாண்டி நம்மூர்த் திண்ணைப் பேச்சு. மூன்றும் ஒரு குரலில் கூடின. அதனால்தான் வயலில் நாற்று நடும் பெண்ணும் அந்தப் பாட்டைத் தன் பாட்டாகப் பாடினாள்.

இரவல் புதிதல்ல

தமிழ்நாட்டு இசையில் இரவல் என்பது சினிமா கொண்டுவந்த பழக்கம் என்று நினைப்பது தவறு. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர், வெள்ளையரின் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதச் சாகித்தியம் இயற்றினார். நோட்டுசுரம் என்று இன்றும் கச்சேரிகளில் பாடுகிறார்கள். ஆங்கில மன்னரை வாழ்த்தும் மெட்டு தேவியை வணங்கும் பாட்டாயிற்று. அந்தத் தீட்சிதர் 1835இல் மறைந்த இடம், தூத்துக்குடிக்குப் பக்கத்திலுள்ள எட்டயபுரம்.

மேல்நாட்டார் மட்டும் என்ன? 1956இல் எல்விஸ் பிரஸ்லி பாடி உலகத்தைக் கலக்கிய 'ஹவுண்ட் டாக்' பாட்டை, அதற்கு முன்பே 1952இல் பதிவு செய்தவர் பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பாடகி. பீட்டில்ஸ் குழுவின் முதல் நெடுந்தட்டு 1963இல் வந்தது. அதில் இருந்த 14 பாட்டுகளில் 6 மற்றவர்கள் முன்பே பாடியவை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தன் பெயரையே மட்டி வாட்டர்ஸ் என்ற கறுப்பினப் பாடகரின் பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டது. பாட்டை எடுத்து, எழுதியவர் பெயரைப் போடாமல் விட்டதற்காக வழக்குகளும் நடந்தன. லெட் செப்பலின் குழுவின் மீது வில்லி டிக்சன் என்ற பாட்டாசிரியர் 1985இல் வழக்குத் தொடுத்தார். 1987இல் சமரசம் ஏற்பட்டு, பிறகு அவர் பெயரும் பாட்டில் சேர்ந்தது.

ஆகவே வாங்குவதில் வெட்கமில்லை. யாரிடம் வாங்கினோம் என்பதை மறைப்பதில்தான் வெட்கம். வாங்கியதை அப்படியே திருப்பி வைத்தால் அது வெறும் நகல். சந்திரபாபு நகல் எடுக்கவில்லை. யோடலிங் அவருக்கு முன்பும் இருந்தது, பின்பும் இருந்தது. அந்தக் குரல் உடையும் இடத்தில் ஒரு விம்மலை வைத்தவர் அவர்தான். பாட்டுச் சிரிக்கும், பாடுபவர் அழுவதுபோலத் தோன்றும். அந்த விம்மல் எந்த இசைத்தட்டிலிருந்தும் வந்ததல்ல. ஸ்டூடியோ வாசலில் கிடந்த பட்டினியிலிருந்து வந்தது.

ரிக்‌ஷாக்காரர் தமிழ்

அவர் இரவல் வாங்கியது இசையில் மட்டுமல்ல, பேச்சிலும்தான். 1958இல் வந்த 'சபாஷ் மீனா' படத்தில் அவருக்கு இரட்டை வேடம். ஒன்று ரிக்‌ஷாக்காரர். கொழும்பில் ஆங்கிலம் படித்து வளர்ந்த மனிதர், சென்னைத் தெருவின் கொச்சைத் தமிழை அட்சரம் பிசகாமல் பேசினார். சிவாஜி கணேசன் கதாநாயகனாக நடித்த படத்தில், அவருக்குச் சரிசமமாகச் சந்திரபாபுவுக்கும் கைதட்டல் விழுந்தது.

அந்தப் படத்தை இயக்கிய பி.ஆர்.பந்துலு, கோலார் மாவட்டத்தில் பிறந்தவர். அந்த வகையில் தங்கவயல் மக்களுக்கும் 'சபாஷ் மீனா' சொந்தப் படம்தான்.

இங்கே இன்னொரு வேடிக்கை நடந்தது. இரவல் வாங்கியவரிடமே மற்றவர்கள் இரவல் கேட்க வந்தார்கள். பந்துலுவே அந்தப் படத்தை 1962இல் 'தில் தேரா தீவானா' என்று இந்தியில் எடுத்தார். சந்திரபாபு ஏற்ற வேடத்தை அதில் மெகமூத் ஏற்றார். ஒரு காலத்தில் மேற்கிலிருந்து வாங்கிய கை, வடக்குக்குக் கொடுத்த கையாயிற்று.

லைன் வீடுகளில் கேட்ட குரல்

பங்காருப்பேட்டையில் பிரியும் ரயில் பாதை, தங்கவயலைக் கடந்து மாரிகுப்பத்தில் முடிகிறது. அந்தப் பாதையில் வட ஆற்காட்டிலிருந்தும், சேலத்திலிருந்தும், தர்மபுரிப் பக்கத்திலிருந்தும் வந்து இறங்கிய தமிழர்கள்தான், பூமிக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கித் தங்கம் எடுத்தார்கள். ஜான் டெய்லர் கம்பெனி காலத்தில் இங்கே ஒரு பக்கம் ஆங்கிலேய அதிகாரிகளின் பங்களாக்களும் கிளப்பும், மறுபக்கம் தொழிலாளர்களின் லைன் வீடுகளும் இருந்தன. கிளப்பில் மேல்நாட்டு நடன இசை. லைன் வீடுகளில் தெருக்கூத்தும் பறையும் பஜனையும்.

இரண்டுக்கும் நடுவே நின்ற பிள்ளைகளுக்குச் சந்திரபாபுவின் பாட்டு அந்நியமாகப் படவில்லை. 1952க்குப் பிறகு அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு குறைந்துபோன காலம் அது. தமிழ் மக்கள் இலங்கை வானொலியைத் திருப்பி வைத்துக் கேட்டார்கள். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்தவர் சென்னையில் பாடிய பாட்டு, மறுபடி கொழும்பிலிருந்து புறப்பட்டுக் கன்னட நாட்டுத் தமிழன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

பிழைக்க வந்த இடத்தின் மொழியையும் பழக்கத்தையும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு, கொண்டுவந்த தமிழையும் விடாமல் காப்பது வெளிமாநிலத் தமிழனின் வாழ்க்கை. சந்திரபாபுவின் பாட்டும் அதே வேலையைத்தான் செய்தது.

ஏற்றமும் இறக்கமும்

புகழின் உச்சியில் சந்திரபாபு ராஜாவாக வாழ்ந்தார். சென்னையில் பெரிய வீடு கட்டத் தொடங்கினார். மனதில் பட்டதை யார் முகத்துக்கும் நேராகப் பேசினார். அதனால் நண்பர்கள் குறைந்தார்கள். 1958இல் நடந்த திருமணமும் நிலைக்கவில்லை. தனிமை வந்தது. தனிமையோடு மதுவும் வந்தது.

1960இல் கவிஞர் கண்ணதாசன் தயாரித்த 'கவலை இல்லாத மனிதன்' படத்தில் கதாநாயகனாக நடித்தார். பிறக்கும்போதும் இறக்கும்போதும் மனிதன் படும் பாட்டைச் சொல்லும் தத்துவப் பாட்டு ஒன்றை அதில் பாடினார். படம் ஓடவில்லை, பாட்டு நிலைத்துவிட்டது. அந்தப் பாட்டில் ஆட்டமோ அரட்டையோ இல்லை. கோமாளி வேடத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மனிதன் பாடும் பாட்டு அது.

1966இல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' என்ற படத்தைத் தாமே இயக்கினார். பைபிள் வசனத்தைப் பெயராகக் கொண்ட அந்தப் படத்துக்கு ரசிகர்களின் கதவு திறக்கவில்லை. எம்.ஜி.ஆரை வைத்து அவர் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' பாதியிலேயே நின்றது. கடன் ஏறியது. ஆசையாகக் கட்டிய வீடு கைவிட்டுப் போயிற்று. படத்தின் தலைப்பே அவருடைய கதையாகிவிட்டது.

வாய்ப்புகள் குறைந்தன. உடல் தளர்ந்தது. 1974ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் தேதி சந்திரபாபு சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 46. கடைசிவரை துணை நின்ற நண்பர் இசையமைப்பாளர் எம்.எஸ்.விஸ்வநாதன். சாந்தோம் அருகே கிபிள் தீவுக் கல்லறைத் தோட்டத்தில் சந்திரபாபு அடக்கம் செய்யப்பட்டார்.

மிஞ்சிய சொத்து

வீடு போயிற்று, பணம் போயிற்று. பாட்டு மட்டும் போகவில்லை. மேடையில் சந்திரபாபு பாட்டைப் பாட எழுந்திருப்பவர் யாராக இருந்தாலும், முதலில் அந்தக் குரல் உடையும் இடத்தைத்தான் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆல்ப்ஸ் மலை இடையனும் அமெரிக்க ரயில் தொழிலாளியும் போட்ட பாதை அது. ஆனால் தமிழ் மேடையில் அதற்குச் சந்திரபாபு பாணி என்றுதான் பெயர். கடன் வாங்கிய பொருளுக்கு வாங்கியவர் பெயரே நிலைப்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

2001இல் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன. மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலையில் புறப்படும் ரயிலில் இப்போது பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்திருக்கிறார்கள். அவர்களில் மாலையில் வீடு திரும்பி, வார இறுதியில் கிதாரையும் தவிலையும் தூக்கிக்கொண்டு மெல்லிசை மேடைக்குப் போகும் இளைஞர்களும் உண்டு. பிறர் பாட்டைத்தானே பாடுகிறோம் என்று அவர்கள் குன்றிப்போக வேண்டியதில்லை. பாட்டு யாருடையது என்பதைச் சொல்லிவிட்டு, அதில் தங்கள் வாழ்க்கையில் ஒரு துளியைச் சேர்த்துப் பாடினால் போதும். பட்டினி கிடந்த நாளில் சந்திரபாபுவிடம் இருந்த முதலும் அவ்வளவுதான்.